புல்வெளியைத் தாக்கிய பனிப்புயல்

புயல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவுக்கு வருவது கடல். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மீனவர் படகுகளைக் கரையேற்றுவர். இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் புயலோ கடலிலிருந்து பல நூறு மைல் உள்ளே, அலையோசையே கேட்டறியாத ஒரு புல்வெளி நாட்டின்மேல் வந்தது. 1888 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12 ஆம் நாள், வியாழக்கிழமை. இடம் வட அமெரிக்காவின் நடுப்பகுதி: டகோட்டா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா ஆகிய நிலப்பரப்புகள். அந்நாட்டு மக்கள் அதனைப் ‘பள்ளிக்கூடப் பனிப்புயல்’ என்றும் ‘குழந்தைகள் பனிப்புயல்’ என்றும் வழங்குகின்றனர். இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலத்தை அறியாமல் அந்தப் புயலை அறிய முடியாது. பிரெய்ரி என்று சொல்லப்படும் அப்புல்வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலையலையாகக் கிடக்கும் தரை. ஆற்றோரங்களை விட்டால் மரம் காண்பது அரிது. மேற்கே ராக்கி மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. வடக்கே கனடாவின் உறைபனி நிலம் வரையில் குறுக்கே எந்தத் தடையும் இல்லை. வடதுருவப் பக்கத்துக் குளிர்காற்று கிளம்பினால் அதனைத் தடுத்து நிறுத்த அங்கே ஒரு தோப்புகூடக் கிடையாது. நமக்குப் ‘பனிப்புயல்’ என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதில் வியப்பில்லை. ஆங்கிலத்திலும் ‘பிளிசர்ட்’ என்ற சொல் முன்னர் ஓங்கிய அடியையும் துப்பாக்கிச் சூட்டையும் குறித்ததேயன்றிப் புயலைக் குறித்ததில்லை. 1870 இல் அயோவா மாநிலத்துச் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்று அதனைப் பனிப்புயலுக்கு வழங்கியது. பின்னர் அப்பெயரே நிலைத்துவிட்டது. புது நிலத்தில் குடியேறியவர்கள் புதுத் துன்பத்திற்குப் பழைய சொல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குடியேற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? 1862 ஆம் ஆண்டில் லிங்கன் ஒப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவனுக்கு அந்நிலம் உரிமையாகும். நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் உருசியப் பேரரசிலிருந்தும் ஏழை உழவர்கள் கப்பலேறினர். இருப்புப்பாதைக் கம்பெனிகளும் தம் நிலங்களை விற்பதற்காக ஐரோப்பாவெங்கும் விளம்பரம் செய்தன. அந்த விளம்பரங்களில் கோதுமைக் கதிர் இருந்தது. ஜனவரி மாதம் இல்லை.

சட்டம் நிலத்தை அளந்த முறையை மாணவர்களாகிய நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு வட்டகை. அதில் ஒரு சதுர மைல் அளவுள்ள 36 பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு ஒரு குடும்பத்திற்கு. 16 ஆம், 36 ஆம் பகுதிகளின் வருவாய் பள்ளிகளுக்கு. காகிதத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகை போல அழகாக இருக்கும். ஆனால் உரிமை பெற விரும்புகிறவன் தன் நிலத்திலேயே வீடு கட்டி வாழ வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வீட்டிற்கும் வீட்டிற்கும் இடையே அரை மைல், சில இடங்களில் அதற்கும் மேல் இடைவெளி விழுந்தது. 1874 ஐ ஒட்டி உருசியாவின் வொலினியாப் பகுதியிலிருந்து மெனனைட் என்னும் கிறித்தவப் பிரிவினர் டகோட்டாவிற்கு வந்தனர். அவர்கள் தம் பழைய நாட்டில் நம் ஊர்த் தெருக்களைப்போல வீடுகள் அடுத்தடுத்து அமைந்த கிராமங்களில் வாழ்ந்தவர்கள். புதிய நாட்டில் தனித்தனிச் சதுரங்களில் சிதறிப் போயினர். அவர்களுக்கு முன்னர் அந்த நிலத்திற்கு உரியவராய் இருந்த லகோட்டா முதலிய பழங்குடி மக்களோ குளிர்காலம் வந்தால் திறந்தவெளியை விட்டு, மரங்கள் அடர்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கூடாரமடித்துக் கூடி இருப்பார்கள். நிலத்தை அறிந்தவர்களின் வழக்கம் அது. அந்த நிலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டபோது அந்த அறிவும் உடன் தள்ளப்பட்டது என்பது என் கருத்து.

மரமில்லாத நாட்டில் வீடு எதனால் கட்டுவது? வேரோடு பெயர்த்த புல்மண் கட்டிகளைச் செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பினர். பல பள்ளிக்கூடங்களும் அவ்வாறே கட்டப்பட்டன. விறகுக்குப் பதிலாக வைக்கோலை முறுக்கிப் புரியாக்கி அடுப்பில் இட்டனர். வைக்கோல் சற்று நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். பள்ளிக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு, ஓர் ஆசிரியர். அவ்வாசிரியர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்ணாக இருப்பார். மூத்த மாணவர் சிலருக்கும் அவருக்கும் இரண்டொரு வயதே வேற்றுமை இருக்கும்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். ஜனவரித் தொடக்கத்தில் கடுங்குளிர். வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியாமல் மக்கள் அடைந்து கிடந்தனர். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் காற்று இளகிற்று. கூரைப் பனி உருகிச் சொட்டியது. வெயில் முகத்தில் இதமாகப் பட்டது. பல நாள் பட்டினி கிடந்த மாடுகளைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்து வைக்கோற்போருக்கும் நீர்நிலைக்கும் ஓட்டிச் சென்றனர் உழவர். பிள்ளைகள் கனத்த மேலாடைகளை வீட்டில் போட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். இல்லத்தரசிகள் துணி துவைத்தனர். அந்த நாளைப் பற்றிப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர்கள் அனைவரும் அந்தக் காலைப்பொழுதின் இனிமையை மறவாமல் சொல்லுகின்றனர்.

அந்த இனிமையும் புயலின் ஒரு பகுதியே என்பதுதான் அறிவியல் நமக்குச் சொல்லும் உண்மை. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் உருவாகித் தென்கிழக்காக விரைந்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று, தனக்கு முன்னே தெற்கத்திய வெப்பக் காற்றை இழுத்தது. அதுவே காலை வெயிலின் இதம். தனக்குப் பின்னே கனடாவிலிருந்து உறைகாற்றை இழுத்துக்கொண்டு வந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை கத்திமுனை போன்றது. மான்டானாவில் ஹெலினா என்னும் ஊரில் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை செல்சியசிலிருந்து உறைநிலைக்குக் கீழே 23 பாகையளவுக்கு இறங்குவதற்கு நாலரை மணி நேரமே பிடித்தது. அந்த எல்லைக்கோடு இரவில் மான்டானாவைக் கடந்தது. முற்பகலிலும் நண்பகலிலும் டகோட்டாவைக் கடந்தது. பிற்பகலில் நெப்ராஸ்காவில் பரவியது. பள்ளி நடக்கும் நேரமும் பள்ளி விடும் நேரமும் இவையே என்பதைக் கவனியுங்கள். அதிகாலையிலோ இரவிலோ வந்திருந்தால் அதற்கு வேறு பெயர் வாய்த்திருக்கும்.

இது வருவதை யாரும் அறியவில்லையா? அறிந்தார்கள். இங்கேதான் வரலாறு படிக்கும் மாணவன் நின்று யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் வானிலைப் பணி அக்காலத்தில் இராணுவத்தின் கையில் இருந்தது. 1870 முதல் சமிக்ஞைப் படைப்பிரிவு நாடெங்கும் நோக்குநிலையங்கள் அமைத்து, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒரே நேரத்தில் நாள்தோறும் மும்முறை அளந்து தந்தி மூலம் திரட்டி வந்தது. 1888 இல் அதன் தலைவர் கிரீலி; வடதுருவப் பயணம் ஒன்றில் தம் தோழர் பலர் மடிய, தாம் பிழைத்து வந்தவர். குளிர் என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வடமேற்குப் பகுதிக்கென மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தனி அலுவலகம் ஒன்று அதற்கு முந்திய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. அதன் அதிகாரி லெப்டினென்ட் தாமஸ் உட்ரஃப். 11 ஆம் தேதி இரவு அவர் தமக்கு வந்த தந்திகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். தாழ்வு இறங்கி வருவதும், அதன் பின்னே குளிர்காற்று திரண்டு நிற்பதும் தெரிந்தன. நள்ளிரவை ஒட்டி அவர் வெளியிட்ட அறிக்கையில், டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் அன்றிரவும் மறுநாளும் குளிரலை வரும் என்றும், பனி காற்றில் அடித்துக் குவியும் என்றும் கண்டிருக்கிறது. சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அது எத்தனை மணிக்கு வரும், எத்துணை வேகத்தில் வரும் என்ற அவசரம் அந்தச் சொற்களில் இல்லை. ‘இரவில்’ என்று அறிக்கை சொன்னது பல ஊர்களில் பகலிலேயே வந்து நின்றது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அறிக்கை எங்கே போயிற்று? தந்திக் கம்பி இருப்புப்பாதையோடு சென்றது. நகரங்களில் பத்திரிகைகளுக்கும், இருப்புப்பாதை அதிகாரிகளுக்கும், வணிகர்களுக்கும் செய்தி கிடைத்தது. சமிக்ஞை நிலையங்களில் குளிரலைக் கொடி ஏற்றப்பட வேண்டும். வெண்கொடி, நடுவில் கருஞ்சதுரம். கொடியை ஏற்ற ஆணை தனியாக வர வேண்டும். அந்த ஆணை சில நிலையங்களுக்குப் புயல் வந்த பிறகே போய்ச் சேர்ந்தது. உரிய காலத்தில் ஏறியிருந்தாலும் பத்து மைலுக்கு அப்பால் புல்வெளியில் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணுக்கு அந்தக் கொடி தெரியப் போவதில்லை. புல்மண் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியைக்கும் தெரியப் போவதில்லை. செயின்ட் பால் நகரத்திலிருந்து சிற்றூரின் நிலையம் வரையில் செய்தி சில மணித்துளிகளில் பறந்தது. நிலையத்திலிருந்து பண்ணை வீடு வரையிலான கடைசிப் பத்து மைலை அதனால் கடக்க முடியவில்லை.

புயல் வந்த விதத்தைக் கண்டவர்கள் ஏறத்தாழ ஒரே வகையாகவே சொல்லுகின்றனர். வடமேற்கில் தரையோடு தரையாக ஒரு வெண்சுவர் தோன்றியது. அது உருண்டு வருவதுபோல இருந்தது. இரைச்சல் கேட்டது. மறுகணம் ஒளி மங்கிற்று. அந்தப் பனி நாம் படங்களில் காணும் மென்மையான இதழ்ப்பனி அன்று. அரைத்த மாவு போன்ற பொடி. கண் இமைகளில் படிந்து உறைந்து இமைகளை ஒட்டியது. மூச்சுக்குள் புகுந்து திணறச் செய்தது. மாடுகள் மூக்கில் பனிக்கட்டி அடைத்து நின்ற நிலையிலேயே மடிந்தன. நீட்டிய கை தெரியாது. காற்று முதுகைத் தள்ள, நேரே நடப்பதாக எண்ணியவன் காற்று விட்ட வழியே விலகிப் போவான். அடுப்பைத் தொட்டால் பொறி பறக்கும்படி காற்றில் மின்சாரம் ஏறியிருந்தது என்றும் பலர் எழுதியிருக்கின்றனர்.

இந்நிலையில் ஒவ்வோர் ஆசிரியர் முன்னும் ஒரு கேள்வி நின்றது: இருப்பதா, புறப்படுவதா? எரிபொருள் இருந்த பள்ளிகளில் பலர் இருந்தனர். இரவு முழுவதும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, மறுநாள் பெற்றோர் வந்து அழைத்துச் செல்லும் வரை காத்தனர். அவர்களைப் பற்றிப் பாட்டு எழுந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு எழுந்தது மின்னி ஃப்ரீமன் என்னும் ஆசிரியையைப் பற்றி. நெப்ராஸ்காவில் ஆர்டு என்னும் ஊருக்கு அருகில் மைரா பள்ளத்தாக்கில் இருந்த அவர் பள்ளியின் கதவைக் காற்று பெயர்த்தது. பின்னர்க் கூரையையும் பிய்த்தது. தங்க வழியில்லை. குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு அரை மைல் அளவிலிருந்த பண்ணை வீட்டை அடைந்தார், ஒருவரும் சாகவில்லை. குழந்தைகள் அனைவரையும் ஒரே கயிற்றில் பிணைத்து நடத்திச் சென்றார் என்று பத்திரிகைகள் எழுதின. பிற்காலத்தில் கயிறு இருந்ததா என்பதே சர்ச்சையாயிற்று. குழந்தைகளின் எண்ணிக்கையும் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. பாட்டின் தலைப்பில் பதின்மூன்று. 1967 இல் லிங்கன் நகரத்து மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் இந்தக் காட்சி வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் சுவரோவியமாகப் பதிக்கப்பட்டது. கயிறு அதில் என்றென்றைக்கும் உறுதியாகிவிட்டது!

அதே மாநிலத்தில், பிளெய்ன்வியூ என்னும் ஊருக்கு அருகில், லோயிஸ் ராய்ஸ் என்னும் மற்றோர் ஆசிரியை. அவர் பள்ளியில் அப்போது இருந்தவர் மூன்றே குழந்தைகள். இரு சிறுவர், ஒரு சிறுமி. பிற்பகலில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு 200 கஜத்திற்கும் குறைவான தூரம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். அந்த வீட்டை அவர்கள் அடையவே இல்லை. இரவெல்லாம் வெட்டவெளியில் குழந்தைகளைத் தம் உடலோடு அணைத்துக் கிடந்தார்; மூவரும் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். விடிந்தபின் அவர் தவழ்ந்து ஒரு வீட்டைச் சேர்ந்தார். உறைந்த பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு பெண்மணிகளும் செய்த முடிவு ஒன்றே. தங்க முடியாத இடத்தை விட்டு, தெரிந்த வீட்டை நோக்கிப் புறப்பட்டனர். ஒருவருக்குச் சுவரோவியம், மற்றவருக்கு இரக்கம். வெற்றி பெற்றவர் அறிவுடையவர், தோற்றவர் தவறியவர் என்று எழுதிவிடுவது எளிது. பத்திரிகைகள் அன்று அவ்வளவு கொடுமையாக எழுதவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒமாஹா நகரத்து ‘பீ’ என்னும் நாளிதழ் இருவருக்கும் சேர்த்தே நிதி திரட்டியது. அந்நிதியில் இன்னொரு பெயரும் உண்டு: எட்டா ஷாட்டக். வழி தவறி ஒரு வைக்கோற்போரில் புகுந்து, மூன்று இரவுகள் அதனுள் கிடந்து, ஞாயிறன்று உயிரோடு மீட்கப்பட்ட ஆசிரியை. கால்களை இழந்த பின்னும் அவர் பிழைக்கவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் இறந்தார்.

மெனனைட் மக்களைப் பற்றி முன்னர்க் கூறினேன். டகோட்டாவில் ஃப்ரீமன் என்னும் ஊருக்கு அருகில் அவர்கள் வாழ்ந்தனர். இவ்வூர்ப் பெயருக்கும் ஆசிரியை பெயருக்கும் தொடர்பில்லை. அவர்களுடைய பள்ளியிலிருந்து வீடு நோக்கிப் புறப்பட்டவர்களில் ஐந்து சிறுவர் வழி தவறினர். ஞாயிற்றுக்கிழமை ஐவரும் ஒரே இடத்தில் சேர்ந்து உறைந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டனர். ஐவரில் மூவர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வொலினியாவில் அவர்கள் பிறந்து வளர்ந்திருந்தால், பள்ளியிலிருந்து வீடு வரையில் சுவரைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அரை மைலுக்கு ஒரு வீடு என்று சதுரம் போட்ட சட்டத்தில் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஏழைக்கு நிலம் கொடுக்கவே அது பிறந்தது. ஆயினும் அன்று மாய்ந்தவர்களில் பலரைக் குளிரோடு சேர்ந்து தொலைவும் கொன்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இறந்தோர் எத்தனை பேர்? 235 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். 500 வரை இருக்கலாம் என்பாரும் உண்டு. சிதறி வாழ்ந்த மக்களின் சாவும் சிதறியே பதிவாயிற்று. டகோட்டாவோ அப்போது மாநிலமாகவே ஆகவில்லை. 1889 இல்தான் வட, தென் டகோட்டா என இரு மாநிலங்கள் தோன்றின. அன்றியும் 1888 மார்ச்சில் நியூயார்க்கை வேறொரு பெரும் பனிப்புயல் தாக்கியது. பெருநகரத்தின் துன்பம் பத்திரிகைகளின் பார்வையைத் தன்பால் இழுத்துக்கொண்டது.

உட்ரஃபைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. தம்மிடம் இருந்த கருவிகளைக் கொண்டு அவர் கண்டது பெரிதளவு உண்மை. ஆனால் யாருக்காக அறிவிக்கிறோம் என்ற கேள்வியை அந்த நிறுவனம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை. சரக்கு வண்டிக்கும் சந்தைக்கும் உரிய செய்தியாகவே வானிலை கருதப்பட்டது. 1890 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1891 ஜூலை முதல் வானிலைப் பணி இராணுவத்திடமிருந்து வேளாண்மைத் துறைக்கு மாறியது. இப்புயல் ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகை. பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கு அது. எனினும் உழவனுக்கும் வானிலைக்கும் உள்ள உறவை அரசு ஒப்புக்கொண்டது என்ற அளவில் அம்மாற்றம் பொருளுடையது.

கடைசிப் பத்து மைலைக் கடந்தது வானொலி. 1921 ஜனவரியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து நிலையம், வானிலை அறிக்கையை மனிதக் குரலில் ஒழுங்காக ஒலிபரப்பத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் புல்வெளிப் பண்ணைகளில் ஏராளமானவற்றை வானொலிப் பெட்டி அடைந்துவிட்டது. 1940 இல் லிங்கன் நகரத்தில், 1888 புயலில் பிழைத்த முதியோர் கூடி ஒரு சங்கம் அமைத்து, தத்தம் நினைவுகளை எழுதித் தொகுக்கலாயினர். அத்தொகுதி 1947 இல் நூலாக வந்தது. நாம் இன்று அறிவனவற்றில் பெரும்பகுதி அந்த முதியோர் தந்தது.

அதே 1940 இல், நவம்பர் 11 ஆம் நாள், மின்னசோட்டாவில் மீண்டும் ஓர் இதமான காலை விடிந்தது. அன்று விடுமுறை. வாத்து வேட்டைக்காரர்கள் மெல்லிய சட்டையோடு மிசிசிப்பி ஆற்றுத் திட்டுகளுக்குப் படகில் போனார்கள். பிற்பகலுக்குள் காற்று திரும்பிற்று; நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் பல மாநிலங்களில் மடிந்தனர்; மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர். வானொலி இருந்தது, கேட்கச் செவிகளும் இருந்தன. அப்பகுதிக்குரிய முன்னறிவிப்பைக் கணித்த சிகாகோ அலுவலகத்தில்தான் இரவு நேரத்தில் விழித்திருந்து பார்க்க ஆள் இல்லை. அதன் பிறகு இரவும் பகலும் பணியாளர் அமர்த்தப்பட்டனர்; மின்னசோட்டாவிற்குரிய முன்னறிவிப்பை அம்மாநிலத்து அலுவலகமே தயாரிக்கும் உரிமையும் அளிக்கப்பட்டது.